பின்பக்கப் பொட்டு

வண்டியைக் கிளப்பிக் கோயில் சந்திலிருந்து வெளியே வருவதற்குள் டிங் என்றது. ஆரம்பித்துவிட்டாள் மகராசி என்று சென்னியப்பன் பல்லைக் கடித்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சிலேட்டுப் பலகை மாதிரி நிற்கும் திரையில் வண்டியின் படம் வந்தது, படத்தின் பின்பக்கம் சிவந்து துடித்தது, அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. பின்பக்கக் கண்கள் மறைந்திருக்கின்றன, துடைக்கவும். துடைக்கவுமாம். அவருடைய இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் அத்தனை பேரும் அவர் முன்னால் வாயைத் திறக்க யோசிப்பார்கள், இது அவர் காசில் வந்து, அவர் போட்ட பெட்ரோலைக் குடித்துக்கொண்டு, அவரையே துணியை எடுத்துக்கொண்டு வா என்கிறது. எல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவளால் வந்தது. பரிமளம் தேங்காய் மூடியும் பூவும் கிடந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிர விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை. கோனியம்மனுக்கு அர்ச்சனை முடித்து வந்த மனைவி, இலையில் வாங்கிய சந்தனத்தில் வண்டிக்கு முன்னால் ஒரு பொட்டு வைத்தாள், அதன் மேல் குங்குமம் வைத்தாள், அதோடு வந்து ஏற வேண்டியதுதானே, பின்னால் போனாள். பின்பக்க பம்பரில் வரிசையாக நாலு வட்டம் இருக்கிறது, ஒவ்வொன்றும் பழைய நாலணா அகலம், அதற்கு மேலே நடுவில் சின்னக் கேமரா. பொட்டு வைப்பதற்கென்றே இடம் விட்டுச் செய்தது போலத்தான் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஸ்வீடன்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது, கோயமுத்தூரில் ஒருத்தி வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் வண்டியின் பின்பக்கக் கண் அத்தனையிலும் சந்தனத்தை அப்புவாள் என்று. அவன் பனியை நினைத்துச் செய்திருப்பான், குறுக்கே ஓடுகிற மானை நினைத்துச் செய்திருப்பான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒப்பணக்காரத் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் ஓட்டுகிறவன் ஏதோ பாவம் பண்ணியவன்தான். ஜவுளிக்கடைப் பையைத் தூக்கிக்கொண்டு ஜனம் நடுரோட்டில் நடக்கிறது, பஸ்காரன் பின்னால் நின்று ஹார்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறான், பிளாட்பாரத்தில் நிற்க வேண்டிய பூக்காரி தட்டுக்கூடையோடு பானெட்டைத் தடவிக்கொண்டு போகிறாள். ஆனால் உள்ளே சத்தமே இல்லை. அது பிடிக்கும். கதவைச் சாத்தினால் ஊரே வாயை மூடிக்கொள்கிறது. இந்த சீட்டும் பிடிக்கும், அதைச் சொல்லாமல் இருந்தால் நாக்கு அழுகிவிடும். ஃபவுண்டரிச் சூட்டில் நின்று நின்று கெட்டுப்போன இடுப்புக்கு எத்தனை வைத்தியம், எத்தனை தைலம், எத்தனை பெல்ட்டு, ஒன்றுக்கும் மசியாத வலி இந்த சீட்டில் உட்கார்ந்ததும் போன இடம் தெரியவில்லை. சீட்டின் ஓரத்தில் நகம் அளவுக்கு நீலமும் மஞ்சளுமாக ஒரு துணிக்கொடி தைத்திருக்கிறான், யாரும் இல்லாதபோது அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எல்லாவற்றையும்விட அந்த மிதி. காலை அழுத்தினால் போதும், யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், வயிற்றில் ஒரு குறுகுறுப்பு வரும். பத்மினி காரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு ராவி, கடைந்து, சைலன்சரை அறுத்து, அவிநாசி ரோட்டில் எருமைகளை மிரட்டிக்கொண்டு போன வயதில் வந்த குறுகுறுப்பு. ஸ்பீடு சென்னி என்று அப்போது பேர். அப்பா ஃபவுண்டரிக்குள் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தியபிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போனது. அறுபதைத் தாண்டி, யாரையும் கேட்காமல், தாழ்வாக, அகலமாக, கறுப்பாக, முறைத்துப் பார்க்கிற முகத்தோடு இதை வாங்கிக்கொண்டு வந்து போர்டிகோவில் நிறுத்தியபோது மகள் தர்ஷினிதான் முதலில் குதித்தாள். இந்த வயசுல எதுக்குங்ப்பா ரேஸ் வண்டி என்றாள். அப்புறம் செல்போனில் எதையோ படித்துப் பார்த்துவிட்டு, ஸ்வீடன் வண்டியா, அப்பச் சரி, அதுல போனா பயமில்லை, அது பாத்துக்கும் என்றாள். ஷோரூம் பையனும் சாவியைக் கொடுக்கும்போது அதையேதான் சொன்னான், சார், வண்டி உங்களைப் பாத்துக்கும் சார் என்று. என்னை எதுக்குடா அது பாத்துக்கணும் என்று அப்போதே சுருக்கென்றது. சிரித்துவைத்தார்.

பார்த்துக்கொள்கிற லட்சணம் தெரிகிறதே. டிங். இது எதற்கு, கோட்டைத் தாண்டிவிட்டாராம். கோடு எங்கேயடா இருக்கிறது இந்த ஊரில், போட்ட கோடு போன மழைக்கே கரைந்துவிட்டது, மிச்சம் இருக்கிற கோட்டின் மேல் இளநீர் வண்டி நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போகாமல் மேலே ஏற்றிவிட்டா போவது. ஸ்டீயரிங் கைக்குள் கிடந்து நடுங்குகிறது, வாத்தியார் காதைப் பிடித்துத் திருப்புவது போல அதன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. ஏசியைக் குறைக்க ஒரு பொத்தான் கிடையாது, திரையைத் தொட்டு, அதற்குள் போய், அங்கே தேய்த்து, தேய்க்கிற நேரத்தில் முன்னால் போகிறவன் பிரேக் போட்டுவிடுகிறான், உடனே அதற்கும் ஒரு டிங். கொஞ்ச நேரம் கண்ணைத் திருப்பினால் களைப்பாக இருக்கிறீர்களா என்று டீ கப் படம் போட்டுக் கேட்கிறது. உன் தாத்தனுக்கு இருக்குடா களைப்பு. வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசுகிறது, ஒவ்வொரு உரசலுக்கும் அவர் வயிற்றில் யாரோ அரத்தை வைத்து ராவுகிறார்கள். அதுவும் பெட்ரோலும் பாட்டரியும் கலந்த வண்டியாம், மெதுவாகப் போனால் சத்தமே வராது, பூனை மாதிரி போய் நிற்கும். நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு வண்டி வருகிறதென்றால் வருகிறேன் என்று சொல்ல வேண்டாமா, எதிரில் இருப்பவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா. இதையெல்லாம் ஷோரூமில் போய்க் கத்தினார். அந்தப் பையன் அசராமல், சார், பிடிக்காததை ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிக்கலாம் சார் என்று திரையைத் திறந்து காட்டினான். கோட்டுக்கான டிங், டீ கப், முன்னால் இடிக்காமல் நிற்கிறது, பின்னால் இடிக்காமல் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான். பின்னால் இடிக்காமல் நிற்கிறது என்ற இடத்துக்கு வந்ததும், இதை ஆஃப் பண்ணிடட்டுங்களா சார் என்று விரலைத் தூக்கினான். சென்னியப்பன் அவன் கையைப் பிடித்துவிட்டார். பிடித்த பிடியில் பையன் பயந்துபோய்ப் பார்த்தான். அவருக்கே அவர் கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒண்ணையும் தொடாத, எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சுங்கம் ரவுண்டானாவுக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரன் எங்கிருந்தோ வந்து இடது பக்கம் முளைத்தான். வண்டி தானே மூக்கைக் குத்தி நின்றது, பரிமளம் கூடையை இறுகப் பிடித்தாள், ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு அவள் காலடியில் விழுந்தது. கண்ணு தெரியலியாடா உனக்கு என்று கண்ணாடிக்குள்ளேயே கத்தினார், கத்தியது அவனுக்குக் கேட்டிருக்காது, அவன் கையை ஆட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போனான், அவனும் அதையேதான் சொல்லியிருப்பான். எல்லோருமே இடது பக்கமாக வருகிறார்கள். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். ஊரில் இத்தனை திசை இருக்க, மடையன்கள் எல்லாம் அவருடைய இடது பக்கத்தைப் பார்த்து வந்து விழுகிறார்கள். டீ டம்ளரை இடது பக்கம் வைத்தால் முழங்கை தட்டிவிடுகிறது, இங்கே யார் வெச்சது என்று சத்தம் போட்டால் நீங்கதான வெச்சீங்க என்கிறார்கள். ஆபீஸ் கதவின் இடது நிலை இரண்டு தடவை தோளில் இடித்தது, நிலையை மாற்றச் சொல்லித் தச்சனைக் கூப்பிட்டார். தச்சன் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு நிலை நேராத்தானுங்க இருக்குது என்றான், அவனையும் திட்டி அனுப்பினார். கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் வந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதானே பிரச்சினை. இருட்டு அறையில் தாடையை ஒரு இரும்பில் வைக்கச் சொல்வான், வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அழுத்துங்க என்று கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பான், பங்காளி ஒருத்தர் போய் வந்து விவரமாகச் சொன்னதுதான். அந்தப் பங்காளி இப்போது மகன் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கடைக்குப் போகிறார், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, அரிசி மூட்டை மாதிரி. தெரியாத வரைக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் சாவி இந்தச் சட்டைப் பையில் இருக்கும். வலது கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்தது. சாவி இருந்தது.

அன்றைக்கு அமாவாசை. காலையில் ஒரு பார்ட்டியைப் பார்க்கத் திருப்பூர் போக வேண்டும், நேரமாகிவிட்டது, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். போர்டிகோவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய வண்டி, பின்னாலேதான் எடுக்க வேண்டும். பக்கத்துச் சுவரை ஒட்டி எடுக்க வேண்டியிருக்கும், அதற்காக வலது பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு எடுத்தார், அறிவோடுதான் எடுத்தார், அவசரப்படவில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. மடாரென்று நின்றது. கீழே யாரோ சங்கிலி போட்டு இழுத்த மாதிரி நின்றது, வெளியே நீட்டியிருந்த தலை பின்னால் போய் ஜன்னல் சட்டத்தில் முட்டாத குறை. திரை முழுக்கச் சிவப்பு. அவருக்கு வந்ததே கோபம். ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு அறை அறைந்தார். சனியனே, எதுக்கு இங்க நிக்கற, நகந்து தொலை என்று தெருவுக்குக் கேட்கக் கத்திவிட்டு, இன்னொரு தடவை மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார். நினைப்பு ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வந்ததும் புடவை முள்ளில் மாட்டியது போல மாட்டிக்கொள்கிறது, மேலே போவதில்லை, பின்னாலும் வருவதில்லை. மிதித்த கால் இதோ இந்த வலது கால், இதே செருப்பு. வண்டி நகரவில்லை. நகர்ந்திருந்தால். நகரவில்லை, சரி, ஆனால் நகர்ந்திருந்தால். அதற்கப்புறம்தான் தலையைத் திருப்பி முழுதாகப் பின்னால் பார்த்தார். இடது சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பரிமளம் எழுந்து நின்றாள். கையில் எலுமிச்சம்பழம். அமாவாசைக்கு அமாவாசை சக்கரத்தடியில் பழம் வைக்கிறவள், அவர் கிளம்பிவிட்டார் என்று ஓடி வந்து குனிந்திருக்கிறாள். வண்டி சத்தம் போடாத வண்டி, நகர்வது அவளுக்கும் தெரியவில்லை. புடவைத் தலைப்பு பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. நல்லவேளைங்க, பாத்துட்டீங்க என்றாள். அவர் வாயிலிருந்து, பாக்காம என்ன, குருடனா நானு என்று வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. அதுவாகவே வந்தது. அவள் பழத்தை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பரிமளம் இந்தக் கதையைச் சொல்கிறாள். கண்டம் வந்துச்சுங்க, அவரு பாத்து டக்குன்னு பிரேக்கு போட்டாரு, இல்லாட்டி இன்னைக்கு நான் போட்டோவுல இருந்திருப்பேன் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் சொன்னாள். சம்பந்தி, இந்த வயசுலயும் என்ன பார்வைங்க உங்களுக்கு என்று கையைப் பிடித்துக் குலுக்கினார், சென்னியப்பன் தலையை ஆட்டிக்கொண்டு பாயசத்தைக் குடித்தார். ஊருக்கு இப்படிச் சொல்கிறவள் வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறப்பதில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள், காப்பியை மேஜையில் வைத்துவிட்டு வைத்தேன் என்றுகூடச் சொல்வதில்லை, முன்பெல்லாம் ஏனுங்க, ஏனுங்க என்று ஒரு விஷயத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிறவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். தெரிந்துவிட்டது அவளுக்கு. வேறு என்ன. தெரிந்துகொண்டே ஊரெல்லாம் புகழ்கிறாள், புகழ்ந்து புகழ்ந்தே கொல்கிறாள், அவராக வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறாள். அப்படியென்றால் நேரே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவருக்கு உடம்பு பற்றி எரியும். இதற்கு நடுவில் சந்தனம் வேறு. கண்டம் பின்பக்கமா வந்துச்சு, அந்தப் பக்கந்தான் பொட்டு வைக்கோணும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், வெள்ளிக்கிழமையானால் போதும், பின்னால் போய் நாலு வட்டத்திலும் கேமராவிலும் கெட்டியாக அப்பி அதன் மேல் குங்குமமும் வைக்கிறாள். மஞ்சள் கலந்த சந்தனம், வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பு பூசியது போலப் பிடித்துக்கொள்ளும். அவளைக் காப்பாற்றிய கண்ணை அவளே வாரா வாரம் குத்துகிறாள். சனிக்கிழமை காலையில் ஃபவுண்டரிக்குப் போனதும், ஆட்கள் வருவதற்கு முன்னால், முதலாளி ஈரத்துணியோடு வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு திருட்டுத்தனமாகத் தேய்ப்பார். தேய்க்கிற வரைக்கும் வண்டிக்குப் பின்பக்கம் கண் கிடையாது. அவருக்கும் கிடையாது.

மேம்பாலத்தில் ஏறுகிற இடத்தில் வண்டிக்குள் போன் அடித்தது, கூரையெல்லாம் மகளின் குரல். அப்பா, நாங்க வந்துட்டோங்ப்பா, எங்க வண்டிய போர்டிகோவுல போட்டுட்டு அவரு பிரெண்டைப் பாக்கப் போயிட்டாரு, சாவியும் அவர்கிட்ட, நீங்க ரிவர்ஸுலயே உள்ள வந்து கொய்யா மரத்துப் பக்கமாப் போட்டுக்குங்க என்றாள். அப்புறம் சிரித்தாள். உங்க பேத்தி இனியா நடக்க ஆரம்பிச்சுட்டாங்ப்பா, அப்பச்சி எங்கன்னு கேட்டா கேட்டைக் காட்டறா, வாசல்லயேதான் சுத்திட்டிருக்கறா, ஒரு இடத்துல புடிச்சு நிறுத்த முடியறதில்லை என்றாள். பரிமளம், தங்கம், விழுந்து வெக்கப் போகுது, பாத்துக்கோ அம்மிணி என்றாள். வண்டியில் ஏறியபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான், அதுவும் அவரிடம் இல்லை. போன் அணைந்தது. திரையில் மறுபடியும் வண்டியின் படம், பின்பக்கம் சிவப்பு, துடைக்கவும். பின்னால் எடுத்து உள்ளே விட வேண்டும். கேட்டிலிருந்து கொய்யா மரம் வரைக்கும், இடது பக்கமாக ஒடித்து. குழந்தை எவ்வளவு உயரம் இருக்கும், பம்பர் உயரம் இருக்குமா, பம்பருக்குக் கீழேதான் இருக்கும். சத்தம் வராத வண்டி. குழந்தையைத் தூக்கிக்கோ என்று சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை, இப்போதுகூடக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் இன்றைக்குத் தூக்கிக்கொள்வாள். நாளைக் காலையில் வண்டியை எடுக்கும்போது, நாளன்றைக்கு, இவர்கள் இருக்கப்போகிற அத்தனை நாளும். எத்தனை தடவை சொல்வது, சொல்லச் சொல்ல அவளும் முகத்தைப் பார்ப்பாள், ஏங்ப்பா, உங்களுக்குத் தெரியறதில்லையா என்பாள். மிதித்தார். மேம்பாலம் காலியாகக் கிடந்தது, வண்டி ஒரு உறுமல் உறுமி முதுகில் கை வைத்துத் தள்ளியது, கைப்பிடிச் சுவர் இரண்டு பக்கமும் கோடாக ஓடியது, தூரத்தில் ராமநாதபுரம் கடைவீதி விளக்குகள் எகிறிக் கிட்டே வந்தன. வயிற்றில் அந்தக் குறுகுறுப்பு வந்தது, வந்த வேகத்தில் புளித்துப்போனது. பரிமளம் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாப் போங்க என்று சொல்லட்டும், ஒரு வார்த்தை சொல்லட்டும், சொன்னால் எரிந்து விழலாம், விழுந்த வாக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று இன்னும் மிதித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாலம் இறங்குகிற இடத்தில் வேகத்தைக் குறைக்கும்படி வண்டிதான் சொன்னது.

சிங்காநல்லூருக்குள் நுழைந்து வீட்டுத் தெருவுக்குத் திரும்புவதற்குள் பொழுது மங்கிவிட்டது. எதுவும் சரியாகத் தெரியாத, ஆனால் தெரிகிறது என்று நினைக்கவைக்கிற வெளிச்சம், இந்த நேரத்தைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. தெருவில் நிறுத்திவிட்டுப் போகலாமென்றால் எதிர்வீட்டுக்காரன் தண்ணீர் லாரிக்கு வழி விடவில்லை என்று விடியக் காலையில் பெல்லை அடிப்பான். கேட்டைத் தாண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பின்னாலே எடுப்பதற்கான குமிழை இழுத்தார். கேமராப் படம் வர வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கலங்கல் வந்தது. அவ்வளவுதான். மஞ்சளுக்குள் எதுவும் நகரவில்லை, நகர்ந்தாலும் தெரியாது. கண்ணாடியில் தர்ஷினி கேட்டைத் திறந்துகொண்டு வருவது தெரிந்தது, ஒரு கதவைத் தள்ளி ஓரமாக்கிவிட்டு மற்றதைத் தள்ளினாள், கையில் குழந்தை இல்லை. வாங்க வாங்க என்று கையை ஆட்டினாள். அவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. வலது பக்கக் கண்ணாடியில் மகள், நடுக் கண்ணாடியில் கேட்டும் கொய்யா மரமும், இடது பக்கக் கண்ணாடியில் என்ன இருக்கிறது, இடது பக்கக் கண்ணாடி எங்கே இருக்கிறது, அதைத் தேடித் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது, திருப்பினால் பரிமளத்தின் முகம்தான் முதலில் வந்தது. என்னுங்க, எடுங்க, புள்ள நிக்கறாள்ல என்றாள். டிங். எடு என்று இவள் சொல்கிறாள், துடை என்று இது சொல்கிறது, வா என்று அவள் கையை ஆட்டுகிறாள், ஆளாளுக்கு உத்தரவு. மிதித்த கால் இதே கால். இன்னொரு தடவை மிதித்த கால். சென்னியப்பன் வண்டியை அணைத்துவிட்டுக் கதவை உதறித் திறந்து இறங்கினார். இறங்கும்போது கோபத்தில்தான் இறங்கினார், பொட்டை அழிக்கத்தான் இறங்கினார், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வேகமாகப் பின்னால் போனவர் அப்படியே நின்றார். இடது சக்கரத்துக்குப் பின்னால், பம்பருக்குக் கீழே, இனியா குந்தி உட்கார்ந்திருந்தாள். பம்பரில் வரிசையாக இருந்த பொட்டுகளில் ஒன்றை விரலால் தோண்டி எடுத்து, கன்னத்தில், மூக்கில், சட்டையில் எல்லாம் பூசியிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிவந்த கையை நீட்டிக் காட்டினாள்.

தர்ஷினி ஓடி வந்து, இங்கதானுங்ப்பா இருந்தா, எப்ப வெளிய வந்தாளோ என்று கையை உதறினாள். பரிமளம் இறங்கி வந்து குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் குனிந்து கைக்குட்டையால் பொட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒன்று, அடுத்தது, சந்தனம் ஈரமாக இழுபட்டுக் கறுப்பு பெயிண்டில் தீற்றியது, நகத்தை வைத்துச் சுரண்டினார், பெயிண்ட் போனால் போகிறது. இடுப்பு வலித்தது, வலிக்க வலிக்க ஆத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமையதுவுமா பொட்டை அழிக்கறீங்களேங்க, என்னங்க இது என்று பரிமளம் பதறினாள். அவர் நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நான் உன்னையப் பாக்கலை. வண்டிதான் நின்னுச்சு. நான் மறுக்காவும் மிதிச்சேன்."

கோபமாகத்தான் சொன்னார். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினார், அவள் என்ன ஏதென்று புரியாமல் வாங்கிக்கொண்டாள். இனிச் சொல்லட்டும். தெரியும் என்று சொல்லட்டும், இத்தனை நாள் பேசாமலிருந்ததற்கெல்லாம் சேர்த்துச் சொல்லட்டும், ஊருக்கு முன்னால் குருடன் என்று சொல்லட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பரிமளம் குழந்தையின் கன்னத்திலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பச் சனியனேன்னு சொன்னது?"

"வண்டிய."

"என்னையத்தான்னு இருந்தேனுங்க."

தெருவிளக்கு எரிந்தது. இத்தனை நாள் மௌனமும், வைத்தேன் என்று சொல்லாத காப்பியும், கேட்டதற்கு மட்டும் வந்த பதிலும் ஒவ்வொன்றாக வேறு முகத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தன. அவள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. சக்கரத்தடியில் குனிந்திருந்தவளைச் சனியன் என்று கத்திய புருஷனை, ஊருக்கு முன்னால் விட்டுக்கொடுக்காமல், வீட்டுக்குள் தனியாகச் சுமந்திருக்கிறாள். வண்டியத்தான் சொன்னேன் என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பேசினாள், குரலில் கோபம்கூட இல்லை.

"வைஞ்சாலும், பாத்துட்டுத்தான வைஞ்சாருன்னு இருந்தேன்."

அவள் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். அங்கே சேலையின் நிறம் மட்டும் ஓரமாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. முகம் தெரிய வேண்டுமென்றால் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். திருப்பினார்.